இருபதரை கிராம்: ஓ.ஆர்.எஸ் பாக்கெட்டின் கதை

அஸ்தம்பட்டி ரவுண்டானாவைச் சுத்தி எத்தனை மெடிக்கல் ஷாப் இருக்குன்னு நான் எண்ணிப் பார்த்ததில்லை. ஆனா எந்தக் கடையில கேட்டாலும் கேள்வி கேக்காம எடுத்துக் குடுக்கிற பொருள் ஒண்ணு இருக்கு. ஓ.ஆர்.எஸ் பாக்கெட். டாக்டர் சீட்டு வேணாம். அங்கன்வாடியிலயும் ஆரம்ப சுகாதார நிலையத்துலயும் சும்மாவே குடுப்பாங்க. அடுத்த தடவை கையில கிடைச்சா பின்னாடி திருப்பிப் படிச்சுப் பாருங்க. நாலே நாலு வரி இருக்கும்.

சோடியம் குளோரைடு 2.6 கிராம்
பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம்
ட்ரைசோடியம் சிட்ரேட் டைஹைட்ரேட் 2.9 கிராம்
குளுக்கோஸ் 13.5 கிராம்

கூட்டினா 20.5 கிராம். ஒரு லிட்டர் தண்ணிக்கு. முதல் வரி சமையல் உப்பு, கடைசி வரி சர்க்கரை வகை. ரெண்டாவது இளநீர்ல இருக்கிற உப்பு. மூணாவது என்ன? அந்த சிட்ரேட்டுக்கு இங்க என்ன வேலை? இந்தக் கேள்வியில ஆரம்பிச்சு நோண்டிக்கிட்டே போனதுல சேலம் ஜில்லா பஞ்சம், வங்காள அகதி முகாம், வேலூர் ஆஸ்பத்திரின்னு எங்கெங்கயோ போயிட்டேன். பதிவு கொஞ்சம் நீளம். டீயோட உக்காருங்க :-)

தாது வருஷமும் வாந்திபேதியும்

நம்ம ஊர்ல இருந்தே தொடங்கலாம். அன்னைக்கு சேலம் ஜில்லான்னா நாமக்கல், திருச்செங்கோடு, தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர், திருப்பத்தூர் எல்லாம் சேர்ந்தது. 1871 மக்கள்தொகைக் கணக்குல சுமார் 19.67 லட்சம் பேர். அடுத்த கணக்கு 1881-ல. கூடியிருக்கணும் இல்லையா? 16 லட்சம்தான் இருந்தது. மூணரை லட்சத்துக்கும் மேல காணோம். நடுவுல வந்தது 1876-78 பஞ்சம். நம்ம பெரியவங்க வாயில தாது வருஷப் பஞ்சம்.

காணாமப் போனவங்க எல்லாருமே செத்துட்டாங்கன்னு சொல்ல முடியாது. ஊரை விட்டுப் போனவங்களும் உண்டு. ஆனா செத்தவங்க நிறைய. அதுலயும் பட்டினியில நேரா செத்தவங்களைவிட, பட்டினியில துவண்ட உடம்புக்கு நோய் வந்து செத்தவங்க பாதிக்கு மேல இருக்கும்னு தோணுது. 1877-ல மட்டும் சென்னை மாகாணத்துல காலராவுல செத்ததா பதிவானவங்க மூணு லட்சத்துக்கும் மேல. பதிவாகாதது எவ்வளவோ. நிவாரண முகாம்ல கூட்டம், அதே குட்டைத் தண்ணி, அதுல பேதி. அப்போ மாகாணத்தோட சுகாதார கமிஷனரா இருந்த டாக்டர் கார்னிஷ், முகாம் கூலியா குடுக்கிற தானியம் உயிர் பிடிச்சு வைக்கவே பத்தாதுன்னு ரிச்சர்ட் டெம்பிளோட சண்டையே போட்டிருக்கார். அது தனிப் பதிவு போட வேண்டிய கதை.

காலரா எப்படிக் கொல்லுதுன்னு ஒரு வரியில சொல்லிடறேன். அது விஷத்தால கொல்றதில்லை, வறட்சியால கொல்லுது. கடுமையான காலராவுல ஒரு பெரிய ஆளுக்கு ஒரு மணி நேரத்துக்கு ஒரு லிட்டர் வரைக்கும்கூட தண்ணி வெளிய போகும். காலையில கழனிக்குப் போனவர் சாயந்தரம் இல்லைன்னு பாட்டிமார் சொல்றது கதையில்லை.

தண்ணி கேட்டா குடுக்காதே

இப்போ யோசிச்சுப் பாருங்க. போறது தண்ணி. அப்போ குடுக்க வேண்டியதும் தண்ணிதானே? இந்த ஒத்தைக் கேள்விக்கு மருத்துவ உலகம் பதில் சொல்ல நூத்தைம்பது வருஷம் எடுத்துக்கிச்சு.

1820-கள்ல மெட்ராஸ்ல ஜேம்ஸ் ஆனெஸ்லின்னு ஒரு பெரிய டாக்டர். காலராவுக்கு அவர் வைத்தியம் என்ன தெரியுமா? ரத்தத்தை வெட்டி எடுக்கிறது, கூடவே கலோமெல். கலோமெல்னா பாதரச உப்பு. பேதி மருந்து. பேதியில சாகிற ஆளுக்கு பேதி மருந்து! இதுல தண்ணி கேட்டா குடுக்கக் கூடாதுன்னு சொன்னவங்களும் உண்டு. அந்தக் காலத்து டாக்டருங்க முட்டாளுங்க இல்லை, கண்ணுல பட்டதை வெச்சு முடிவு பண்ணினாங்க. குடிச்சா வாந்தி வருது, பேதி கூடுது. அப்போ குடிக்கிறதை நிறுத்துன்னு.

இது வெள்ளைக்காரன் பழக்கம் மட்டும் இல்லைங்க. எங்க அம்மாயி வாழப்பாடிப் பக்கம். அவங்களுக்கு தலைச்சன் குழந்தை ஒண்ணு இருந்து, ஒன்றரை வயசுல பேதியில போயிடுச்சு. எங்க அம்மா பொறக்கிறதுக்கு முன்னாடி. எண்பது வயசு தாண்டியும் அம்மாயி அதைப் பத்திப் பேசினா ஒண்ணே ஒண்ணுதான் சொல்லும்: "தண்ணி தண்ணின்னு கையை நீட்டுச்சு சாமி. குடுக்காதேன்னாங்க. நான் குடுக்கல." யார் சொன்னாங்கன்னு கேட்டா, "எல்லாரும்தான்"னு சொல்லும். இந்தப் பதிவை நான் எழுதறதுக்கு முக்கியமான காரணம் அந்த "எல்லாரும்தான்".

1831-32-ல காலரா இங்கிலாந்துக்குப் போச்சு. ஓ'ஷானஸின்னு இருபத்திரண்டு வயசுப் பையன் ஒருத்தர் நோயாளி ரத்தத்தைச் சோதிச்சு, அதுல தண்ணியும் உப்பும் காரமும் குறைஞ்சிருக்குன்னு எழுதினார். (இதே ஆள் பின்னாடி கல்கத்தா வந்து, இந்தியாவுல தந்திக் கம்பி போட்டவர்!) அதைப் படிச்ச தாமஸ் லாட்டான்னு ஸ்காட்லாந்து டாக்டர் 1832-ல உப்புக் கரைசலை நரம்பு வழியா ஏத்தினார். முதல் நோயாளி ஒரு வயசான அம்மா. பிணம் மாதிரிக் கிடந்தவங்க எழுந்து பேசினாங்க. இனி பயமில்லைன்னு லாட்டா கிளம்பிப் போனார். பேதி நிக்கல. தண்ணி ஏத்தறது மட்டும் நின்னு போச்சு. சில மணி நேரத்துல அந்தம்மா இறந்துட்டாங்க.

போயிக்கிட்டே இருக்கிற வரைக்கும் ஈடு குடுத்துக்கிட்டே இருக்கணும். பாடம் அங்கேயே இருந்தது, யாரும் எடுத்துக்கல. இருபதாம் நூத்தாண்டு தொடக்கத்துல கல்கத்தாவுல லியோனார்ட் ரோஜர்ஸ் மறுபடி நரம்பு வழி உப்புத் தண்ணியைக் கொண்டு வந்து சாவை பாதியாக் குறைச்சார். நாம இன்னைக்கும் "குளுக்கோஸ் ஏத்தணும்"னு சொல்றோமே, அந்த பாட்டில்தான். ஆனா பாட்டிலுக்கு சுத்தமான தண்ணி வேணும், ஊசி வேணும், குத்தத் தெரிஞ்ச கை வேணும். கிராமத்துல இது மூணும் ஏது?

உப்பும் சர்க்கரையும் கை கோத்தா

1953-ல கல்கத்தா டாக்டர் ஹேமேந்திரநாத் சட்டர்ஜி லான்செட் பத்திரிகையில ஒரு கட்டுரை போட்டார். 186 காலரா நோயாளிகளுக்கு வாந்தியை மருந்தால அடக்கிட்டு வாய் வழியாவே கரைசல் குடுத்திருக்கார். லிட்டருக்கு 4 கிராம் உப்பு, 25 கிராம் குளுக்கோஸ். கூடவே பேதியை மட்டுப்படுத்த ஒரு இலைச் சாறும் சேர்த்திருக்கார். என்ன இலை தெரியுமா? நம்ம வீட்டுத் தொட்டியில இருக்கிற கற்பூரவல்லி! உலகம் அதைக் கண்டுக்கவே இல்லை. கூடவே வெச்சு ஒப்பிட வேற நோயாளிக் குழு இல்லை, உள்ள போனது வெளிய வந்தது அளவும் இல்லைன்னு ஒதுக்கிட்டாங்க. அதுல நியாயமும் இருந்தது, கல்கத்தாக்காரன்தானேங்கிற அலட்சியமும் இருந்திருக்கும்.

1959-ல இன்னொரு கல்கத்தாக்காரர், சம்புநாத் டே, காலராக் கிருமி வெளிவிடற ஒரு நச்சுதான் குடல்ல இருந்து தண்ணியை இறைக்குதுன்னு முயல் குடல்ல செஞ்ச சோதனையில காட்டினார். அடுத்த வருஷம் 1960-ல ராபர்ட் கிரேன்னு ஒரு அமெரிக்கர், குடல் சுவர்ல ஒரு விசேஷ வாசல் இருக்குன்னு சொன்னார். உப்புல இருக்கிற சோடியமும் குளுக்கோஸும் கை கோத்துக்கிட்டு வந்தாதான் அந்த வாசல் திறக்கும். ரெண்டும் உள்ள போனா, பின்னாடியே தண்ணியும் போகும்.

இது ரெண்டையும் சேர்த்துப் பாருங்க. காலரா நச்சு தண்ணியை இறைக்கிற மோட்டாரைத் தட்டி விடுது. ஆனா சர்க்கரை-உப்பு வாசலை அது மூடறதில்லை. ஒரு பக்கம் ஓட்டை, இன்னொரு பக்கம் வாசல் திறந்தே இருக்கு! வெறும் தண்ணி குடிச்சா பிரயோஜனம் கம்மி. வெறும் உப்புத் தண்ணியும் அப்படியே. உப்பும் சர்க்கரையும் சரியான அளவுல சேர்ந்தா உடம்பு உறிஞ்சிக்கும்.

"சரியான அளவு"ங்கிறதுதான் சிக்கல். ராபர்ட் பிலிப்ஸ்னு அமெரிக்கக் கடற்படை டாக்டர் 1962-ல மணிலாவுல முதல் முயற்சியில ஜெயிச்சார். அடுத்த கட்ட சோதனையில ஐந்து பேர் இறந்துட்டாங்க. கரைசல் ரொம்ப கெட்டி. அந்தச் சூடு பட்டதுல சில வருஷம் யாரும் தொடத் தயங்கினாங்க. 1968-ல டாக்காவுல இருபதுகள்ல இருந்த ரெண்டு அமெரிக்க டாக்டருங்க, டேவிட் நாலின், ரிச்சர்ட் கேஷ், டாக்கா சகாக்களோட சேர்ந்து காரியத்தை முடிச்சாங்க. அவங்க செஞ்ச புத்திசாலித்தனம் ரொம்ப எளிமையானது. எவ்வளவு வெளிய போகுதுன்னு அளந்து, அதே அளவு வாய் வழியா உள்ள குடுத்தாங்க. நரம்பு வழி ஏத்த வேண்டிய தண்ணி அஞ்சுல நாலு பங்கு குறைஞ்சு போச்சு. லாட்டா விட்ட பாடத்தை 136 வருஷம் கழிச்சுப் படிச்சாங்கன்னு வெச்சுக்கலாம்.

போன்கான், 1971

சோதனைச்சாலையில ஜெயிச்சது ஊருக்குள்ள ஜெயிக்கணுமே. அதுக்கு ஒரு யுத்தம் வர வேண்டியிருந்தது.

1971-ல கிழக்கு பாகிஸ்தான்ல இருந்து சுமார் ஒரு கோடி பேர் இந்தியாவுக்குள்ள வந்தாங்க. எல்லையோரம் போன்கான்னு சின்ன ஊர். அங்க இருந்த ஆஸ்பத்திரியில காலரா நோயாளிங்க வார்டு நிரம்பி, தரையெல்லாம் நிரம்பி வெளியவும் கிடந்தாங்க. ஜூன் கடைசியில அங்க போய்ச் சேர்ந்தவர் கல்கத்தாவுல ஆராய்ச்சி பண்ணிக்கிட்டிருந்த குழந்தை மருத்துவர் திலீப் மகலனாபிஸ். பாட்டில் கையிருப்பு தீர்ந்துக்கிட்டே வந்தது. அவர் துணிஞ்சு ஒரு முடிவு எடுத்தார்: வாய் வழியாவே குடுப்போம், சொந்தக்காரங்களையே குடுக்கச் சொல்வோம்.

கல்கத்தாவுல அவங்க ஆராய்ச்சி மையத்தோட நூலக அறையை பட்டறையா மாத்தினாங்க. லிட்டருக்கு குளுக்கோஸ் 22 கிராம், சமையல் உப்பு 3.5 கிராம், சமையல் சோடா 2.5 கிராம். பிளாஸ்டிக் பையில போட்டு, துணி தேய்க்கிற பெட்டியால வாயைச் சூடு வெச்சு ஒட்டினாங்க. முகாம்ல டிரம் டிரம்மா கலக்கி வெச்சு, குழாய் திறந்து விட்டு, அம்மாவும் அக்காவும் டம்ளர்ல பிடிச்சுக் குடுத்தாங்க. லிட்டருக்கு ஆன செலவு 11 பைசா. பொட்டாசியத்துக்கு? கிடைச்சா இளநீர் குடிங்கன்னுட்டாங்க.

அதுக்கு முன்னாடி நூத்துக்கு முப்பது பேர் செத்துக்கிட்டிருந்த இடம் அது. எட்டு வாரத்துல சுமார் 3700 நோயாளிகளைப் பார்த்ததுல சாவு நூத்துக்கு 3.6-ஆ இறங்கிச்சு. குடுத்தது டாக்டர் இல்லை, நர்ஸ் இல்லை. எழுதப் படிக்கத் தெரியாத அம்மாக்கள்.

உலக சுகாதார நிறுவனத்துல இருந்த தீமன் பருவா போன்கானை நேர்ல வந்து பார்த்தவர். அவர் மாதிரி ஆளுங்க பிடிவாதத்தால 1970-கள் நடுவுல உலகத்துக்கே ஒரே கலவை முடிவாச்சு. 1978-ல லான்செட் தலையங்கம், இந்த நூற்றாண்டோட மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமா இது இருக்கலாம்னு எழுதிச்சு. மகலனாபிஸ் 2022 அக்டோபர்ல கல்கத்தாவுல காலமானார். அடுத்த வருஷம் பத்ம விபூஷண் அறிவிச்சாங்க. உயிரோட இருக்கும்போது குடுத்திருக்கலாம்னு நீங்க சொல்றது எனக்குக் கேக்குது.

பாக்கெட் பழுப்பாகிடுச்சே!

இப்போ நம்ம மூணாவது வரிக்கு வந்தாச்சு.

பேதியில உப்போட சேர்ந்து உடம்பு காரத்தையும் இழக்குது. ரத்தம் புளிச்ச பக்கம் சாயும். மூச்சு வாங்கும், வாந்தி கூடும். அதைச் சரிக்கட்டத்தான் போன்கான் கலவையில சமையல் சோடா, அதாவது சோடியம் பைகார்பனேட். உலகக் கலவையிலயும் 2.5 கிராம் அதுவே இருந்தது.

வைத்தியமா அதுல குத்தம் இல்லை. கடையிலதான் பிரச்னை. சோடாவும் குளுக்கோஸும் ஒரே பாக்கெட்ல இருந்து, கொஞ்சம் ஈரமும் நம்ம ஊர் சித்திரை வெயிலும் சேர்ந்தா என்ன ஆகும்? குளுக்கோஸ் சிதைய ஆரம்பிக்கும். தூள் பழுப்பாகும், கட்டி கட்டும். அலுமினியத் தாள்ல காத்துப் புகாம அடைச்சா தாங்கும். ஆனா அதுக்கு செலவு கூட. பழுப்புத் தூளைப் பார்த்து எந்த அம்மா பிள்ளைக்குக் குடுப்பாங்க? ஜெனீவாவுல எவ்வளவு நல்ல மருந்தா இருந்தாலும் ஏற்காடு அடிவாரத்துப் பெட்டிக்கடைத் தகரக் கூரைக்குக் கீழ ரெண்டு வருஷம் தாங்கலைன்னா அது மருந்தில்லை.

அங்கதான் சிட்ரேட் வருது. எலுமிச்சைச் சாறுல ஒரு சிட்டிகை சமையல் சோடா போட்டுப் பாருங்க. புஸ்ஸுன்னு பொங்கும். பொங்கி அடங்கினதும் டம்ளர்ல மிஞ்சி இருக்கிறது பெரும்பாலும் சோடியம் சிட்ரேட். அவ்வளவுதான், பெரிய பேரு, சாதாரண ஆளு. ரத்த வங்கியில ரத்தம் உறையாம இருக்க பையில சேர்க்கிறதும் இவரேதான்.

இவர் குளுக்கோஸோட சண்டை போட மாட்டார், பாக்கெட்ல அமைதியா உக்காந்திருப்பார். உடம்புக்குள்ள போனதும் கல்லீரல் முதலான உறுப்புங்க சிட்ரேட்டை எரிக்கும்போது, ஒரு சிட்ரேட்டுக்கு மூணு பைகார்பனேட் கிடைக்கும். கணக்கு எவ்வளவு அழகா இருக்கு பாருங்க. பழைய கலவையில லிட்டருக்கு 30 மில்லிமோல் பைகார்பனேட். புதுசுல 2.9 கிராம் சிட்ரேட், அதாவது 10 மில்லிமோல். பத்து மூணு முப்பது! சோடியமும் அதே அளவு. ஒண்ணும் குறையல.

காகிதக் கணக்கு மட்டும் போதுமா? 1980-களின் முதல் பாதியில டாக்காவுலயும் இன்னும் சில இடங்கள்லயும் சோடாக் கலவையையும் சிட்ரேட் கலவையையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு சோதிச்சாங்க. ரத்தத்தோட புளிப்பு எவ்வளவு சீக்கிரம் சரியாகுது, எவ்வளவு பேதி போகுது, எடை எவ்வளவு ஏறுது. மூணுலயும் சிட்ரேட் சோடாவுக்கு சளைக்கல. பேதி அதிகமா இருக்கிற காலராவுல வெளிய போற அளவு சிட்ரேட்ல கொஞ்சம் குறைவாவே இருந்தது. 1984-ல உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் சிட்ரேட்டுக்கு மாறினாங்க. மலிவான பிளாஸ்டிக் பையிலயே அடைக்க முடிஞ்சது. இன்னைக்கு எந்தக் கடையிலயும் தூசு தட்டி எடுத்துக் குடுக்கிற பாக்கெட் வெள்ளை வெளேர்னு இருக்குன்னா, அதுக்குக் காரணம் இந்த 2.9 கிராம்.

தராசு பொய் சொல்லாது

எடைன்னு சொன்னேன் இல்லையா. அதைக் கொஞ்சம் விளக்கணும்.

குழந்தை உடம்புல எவ்வளவு தண்ணி போச்சுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? கண் குழி விழுந்திருக்கா, தோலைக் கிள்ளி விட்டா மடிப்பு மெதுவாப் போகுதான்னு பார்க்கலாம். ஆனா அது உத்தேசம். உறுதியான சாட்சி தராசு. ஒரு லிட்டர் தண்ணி ஒரு கிலோ. பத்து கிலோ குழந்தை அரைக்கிலோ இழந்தா உடம்புல நூத்துக்கு அஞ்சு பங்கு போச்சு, கண்ணுல அறிகுறி தெரியும். ஒரு கிலோ இழந்தா நூத்துக்குப் பத்து, உயிருக்கே ஆபத்து. அதனாலதான் இந்த ஆராய்ச்சி எல்லாத்துலயும் வந்ததும் ஒரு எடை, கரைசல் குடுத்து முடிச்சதும் ஒரு எடை. நாலு மணி நேரத்துல 400, 500 கிராம் ஏறினா அது சதை இல்லை, திரும்பி வந்த தண்ணி. மிதமான வறட்சிக்கு இன்னைக்கும் கிலோவுக்கு 75 மில்லிங்கிற கணக்குல நாலு மணி நேரத்துல குடுக்கச் சொல்றாங்க. பத்து கிலோ குழந்தைன்னா முக்கால் லிட்டர்.

இது ஏன் முக்கியம்னா, நம்ம வீடுகள்ல ஓ.ஆர்.எஸ் மேல இருக்கிற பெரிய புகார், "குடுத்தேன், ஆனா நிக்கலையே!" நிக்காதுங்க. அது பேதியை நிறுத்தற மருந்தே இல்லை. பேதி தன் போக்குல ரெண்டு மூணு நாள் போயிட்டு தானா நிக்கும். அதுவரைக்கும் உயிரைப் பிடிச்சு வைக்கிறதுதான் இதோட வேலை. நாம துணியைப் பார்த்து எண்ணிக்கிட்டு இருக்கோம், எத்தனை தடவை போச்சுன்னு. பார்க்க வேண்டியது தராசை.

ரெண்டாவது எடை ஒண்ணும் இருக்கு. பிலிப்பைன்ஸ்ல வீட்டுக்கே கரைசல் குடுத்து செஞ்ச ஒரு ஆய்வு 1977-ல வெளியாச்சு. கரைசல் கிடைச்ச குழந்தைங்க பின்னால வந்த மாசங்கள்ல மத்த குழந்தைகளைவிட நல்லா எடை போட்டிருந்தாங்க. இது தண்ணி எடை இல்லை, நிஜ எடை. வறட்சியும் புளிப்பும் தீர்ந்தா பசி திரும்பும். பசி வந்தா பிள்ளை சாப்பிடும். பேதின்னு வந்தா பட்டினி போடற வழக்கத்துக்கு இது நேர் எதிர். ஒவ்வொரு பேதிக்கும் கால் கிலோ, அரைக் கிலோன்னு இழந்து திரும்பப் பிடிக்க முடியாத குழந்தைக்கு அடுத்த பேதி வரும்போது தாங்க சக்தி இருக்காது. தாது வருஷத்துல சேலம் ஜில்லாவுல நடந்ததும் பெரிய அளவுல இதுதான்.

வேலூரும் கஞ்சியும்

இதுல தமிழ்நாட்டுப் பங்கு இல்லையான்னு கேப்பீங்க. உண்டு. 1992 கடைசியில மெட்ராஸ்லயும் வேலூர்லயும் ஒரு புது வகைக் காலராக் கிருமி தலை காட்டிச்சு. ஓ139. அங்க இருந்து கல்கத்தா, வங்காளதேசம்னு பரவி உலகத்தையே நிமிர்ந்து பார்க்க வெச்சது. கிருமி புதுசு, வைத்தியம் அதே பாக்கெட்தான்.

அதே வேலூர்ல, சி.எம்.சி-யில பி.எஸ்.ராமகிருஷ்ணா குழு 2000-ல ஒரு ஆய்வை வெளியிட்டாங்க. 48 காலரா நோயாளிகளை மூணு குழுவாப் பிரிச்சு, ஒண்ணுக்கு வழக்கமான கரைசல், ஒண்ணுக்கு அரிசி மாவு சேர்த்தது, ஒண்ணுக்கு எளிதுல செரிக்காத ஒரு வகை மக்காச்சோள மாவு சேர்த்தது. வழக்கமான கரைசல்ல பேதி நிக்க சராசரி 91 மணி நேரம். மக்காச்சோள மாவுல 57 மணி நேரம். எப்படி? அந்த மாவு சிறுகுடல்ல செரிக்காம பெருங்குடல் வரைக்கும் போகுது. அங்க இருக்கிற பாக்டீரியா அதைப் புளிக்க வெச்சு சில அமிலங்களை உண்டாக்குது. பெருங்குடல் அந்த அமிலத்தை உறிஞ்சும்போது உப்பும் தண்ணியும் கூடவே போகுது. அதாவது கிரேன் சொன்ன வாசலுக்கு அப்புறம் ரெண்டாவது வாசல்.

இதைப் படிச்சதும் "எங்க பாட்டி உப்புப் போட்ட கஞ்சித் தண்ணி குடுத்தாளே!"ன்னு காலரைத் தூக்கிவிடத் தோணும். பாதி சரி. அரிசிக் கஞ்சியில உப்புப் போட்டா அதுவும் சர்க்கரை-உப்பு வாசலைத் திறக்கும், மாவு மெதுவா குளுக்கோஸா மாறறதால. அது நல்ல வழக்கம்தான். ஆனா அதே வீட்டுலதான் தண்ணி குடுக்காதேன்னும் சொன்னாங்க. பாட்டி வைத்தியத்துல ரெண்டும் இருந்தது. எது காப்பாத்தும் எது கொல்லும்னு பிரிச்சுக் காட்டத்தான் தராசும் ஆராய்ச்சியும் வேண்டியிருந்தது.

இப்போ என்ன நிலைமை?

2002-ல கலவையை இன்னும் நீர்க்க வெச்சாங்க. மாங்காயில உப்புப் போட்டா தண்ணி விடுமில்ல, அதே மாதிரி கரைசல் கெட்டியா இருந்தா குடல் பக்கம் தண்ணியை இழுக்கும். அதனால உப்பு 3.5-ல இருந்து 2.6, குளுக்கோஸ் 20-ல இருந்து 13.5. சிட்ரேட்டைத் தொடல. அதே 2.9. பாக்கெட் 27.9 கிராம்ல இருந்து 20.5 ஆச்சு. 2004-ல இருந்து துத்தநாக மாத்திரையும் கூட சேர்த்துக் குடுக்கச் சொல்றாங்க.

1980 வாக்குல உலகத்துல வருஷத்துக்கு 40 லட்சத்துக்கும் மேல சின்னக் குழந்தைங்க பேதியில செத்துக்கிட்டிருந்தாங்க. இப்போ நாலரை லட்சம் அளவுக்கு இறங்கியிருக்கு. குடிதண்ணி, கழிப்பறை, தடுப்பூசி எல்லாத்துக்கும் இதுல பங்கு உண்டு. பாக்கெட்டுக்குப் பெரிய பங்கு. ஆனா நாலரை லட்சம்ங்கிறதும் சின்ன எண்ணிக்கை இல்லை.

இன்னொரு கூத்து. அளவுக்கு மீறி சர்க்கரை போட்ட ரெடிமேட் பானங்கள் பேர்ல "ஓ.ஆர்.எஸ்" ஒட்டிக்கிட்டு மெடிக்கல் ஷாப்லயே ரொம்ப நாள் வித்துக்கிட்டிருந்தது. ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் வருஷக்கணக்கா போராடி, 2025 அக்டோபர்ல உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்த மாதிரி பானங்கள் பேர்ல அந்த எழுத்துங்களைப் போடக் கூடாதுன்னு உத்தரவு போட்டது. சர்க்கரை கூடினா என்ன ஆகும்னு மாங்காய் உதாரணத்துலயே சொல்லிட்டேன். பேதிக்குக் குடுக்கிறது பேதியைக் கூட்டக் கூடாது. அதனால முன்பக்கப் பேரைப் பார்க்காதீங்க, பின்பக்க நாலு வரியைப் பாருங்க. உலக சுகாதார நிறுவனக் கலவைன்னு போட்டிருக்கான்னு பாருங்க. ஒரு முழு பாக்கெட்டுக்கு ஒரு முழு லிட்டர். அரை டம்ளர்ல கொட்டிக் கலக்கறதும் தப்பு, ரெண்டு லிட்டர்ல நீட்டறதும் தப்பு. சின்ன பாக்கெட்னா அதுல போட்டிருக்கிற அளவு. பாக்கெட்டே இல்லைன்னா ஒரு லிட்டர் சுத்தமான தண்ணியில தலை தட்டின ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. வாந்தி எடுத்தா பத்து நிமிஷம் விட்டு, ஸ்பூன் ஸ்பூனா மறுபடி. தாய்ப்பாலையோ சாப்பாட்டையோ நிறுத்தாதீங்க. குழந்தை குடிக்கவே முடியாம துவண்டா, மலத்துல ரத்தம் இருந்தா, நேரா ஆஸ்பத்திரி.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, வரலாறு நோண்டற ஆசாமி. உங்க வீட்டுப் பெரியவங்ககிட்ட பேதி வந்தா அந்தக் காலத்துல என்ன குடுத்தாங்க, என்ன குடுக்கலைன்னு கேட்டுப் பின்னூட்டத்துல எழுதுங்க மக்களே. குடுத்ததை எல்லாரும் பெருமையாச் சொல்வாங்க. குடுக்காததைக் கொஞ்சம் பொறுமையாக் கேக்கணும்.